அரசு மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒரு பாஸ்புக்

[திரையில்: மாத்திரை அட்டையின் பின்பக்கம்]

இது என் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி வந்த சர்க்கரை மாத்திரை. மெட்ஃபார்மின் 500. அட்டையைத் திருப்பினால் தமிழ்நாடு அரசு என்றும், விற்பனைக்கு அல்ல என்றும் அச்சிட்டிருக்கும். சீட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்.

முன்பெல்லாம் தனியாரில்தான் பார்த்தோம். டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரையையே கடையில் கேட்டு வாங்குவோம். மாசக் கடைசியில் அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. கேட்டபோது, "தீர்ந்துட்டா உன்கிட்டதானே கேக்கணும்" என்றார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கத்தரிக்காய் வாங்கினால் அழுத்திப் பார்ப்போம், சொத்தை என்றால் அடுத்த கடைக்குப் போவோம். மருந்தில் அது நடக்காது. எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் நோயாளி. மருத்துவம் சாதாரணச் சந்தை போல இயங்காது, இங்கே விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார்.

சரி, பேரம் பேசத் தெரியாத கோடிக்கணக்கான நோயாளிகளுக்குப் பதிலாக ஒரே ஒருவர் பேரம் பேசினால்? அதற்காக 1994-ல் தொடங்கியதுதான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் மாநில அரசு நிறுவனம். இங்கே கம்பெனி வைத்த பிராண்ட் பெயர் கிடையாது, மெட்ஃபார்மின் என்பதுபோல மருந்தின் மூலப்பெயரில் ஒரு அத்தியாவசிய மருந்துப் பட்டியல். மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். முதலில் கம்பெனியின் தகுதியைப் பார்ப்பார்கள், தேறியவர்களின் விலை உறையைத்தான் திறப்பார்கள். அவ்வளவு பெரிய ஆர்டர் என்றால் விலை தானாக இறங்கும்.

விலை குறைந்தால் தரமும் குறையுமே என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மாத்திரை என்று சோதிப்பவருக்கே தெரியாது. முடிவு வரும்வரை அந்தப் பெட்டிகள் தனியாக நிற்கும்.

[திரையில்: ஒரு பாஸ்புக்]

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாஸ்புக். வங்கியில் கொடுப்பார்களே, அதேபோல. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒரு தொகை. மாவட்டக் கிடங்கில் மருந்து எடுத்தால் அதன் மதிப்பு கழிந்து, மீதி பதிவாகும். தனக்கு எது வேண்டும் என்பதை அந்தந்த நிலையமே முடிவு செய்யும். பாம்புக்கடி அதிகமுள்ள ஊருக்கு விஷமுறிவு மருந்து, வயதானவர்கள் அதிகமுள்ள ஊருக்கு பிரஷர் மாத்திரை. மேலிருந்து யாரோ பங்கிட்டு அனுப்பி, வேண்டாத மருந்து அலமாரியில் காலாவதியாகும் வேலை இல்லை. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டத்தையே தொடங்கியது.

அப்புறம் காப்பீடு வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-ல் அதோடு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் இணைப்பு. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைக்காமல் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கானது. மாசாமாசம் போடும் மாத்திரைக்குக் காப்பீட்டு அட்டை உதவாது. சர்க்கரையைப் பத்து வருஷம் கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் கெட்டால், அப்போது டயாலிசிஸுக்கு அதே அட்டை செல்லும். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மத்திய அரசு வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். இறங்கியிருப்பது நல்லதுதான். இன்னும் ஐந்தில் இரண்டு பங்கு வீட்டுக் காசு, அதில் பெரும்பகுதி மருந்துக்குப் போகிறது. 2025-க்குள் மத்திய, மாநில அரசுகளின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22-ல் அது 1.84 சதவீதத்தில் இருந்தது.

கழகத்திலும் குறை உண்டு. சப்ளை தாமதமானால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் "வெளியே வாங்கிக்கோங்க" என்பார்கள். முப்பது நாள் மாத்திரைக்குப் பதில் பத்து நாளுக்குக் கொடுப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இன்னொரு நடை என்பது இன்னொரு நாள் சம்பளம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநில அரசுத் திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது இதனால்தான் பெரிய விஷயம்.

காப்பீட்டுத் தொகை உயர்ந்தால் தலைப்புச் செய்தி வரும். பாஸ்புக் தொகை உயர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த பட்ஜெட் வரும்போது உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்: நம்ம ஊர் சுகாதார நிலையத்தின் பாஸ்புக்கில் இந்த வருஷம் எவ்வளவு?