பதிவேட்டில் இல்லாத 1993

நேயர்களுக்கு வணக்கம். பயங்கரவாதத்தைப் புள்ளிவிவரங்களின் வழியே ஆராயப் புறப்படுகிறவர்கள், நம் சேலத்துக் கல்லூரி மாணவர்கள் உட்பட, பெரும்பாலும் முதலில் திறப்பது ஒரே பதிவேட்டைத்தான். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் தொகுத்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் அது. 1970 தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாக்குதல்கள் அதில் இருக்கின்றன. அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். 1992-க்கு அடுத்து 1994 வந்து நிற்கும்.

1997 வரையிலான விவரங்களை முதலில் திரட்டியது பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனம். செய்தி நிறுவனங்களும் நாளேடுகளும் தந்ததை அட்டைகளில் குறித்து வைத்தார்கள். அலுவலகம் இடம் மாறியபோது 1993-ஆம் ஆண்டின் அட்டைகள் தொலைந்துபோயின. பின்னால் தேடி மீட்டது ஒரு பகுதிதான். அது தனிக் கோப்பாக இருக்கிறது.

அது எப்படிப்பட்ட ஆண்டு? மார்ச் 12 பம்பாய் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 8 சென்னை சேத்துப்பட்டில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்து 11 பேர் மாண்டார்கள். இந்தியாவைப் பற்றி ஆய்வேடு எழுதுகிற ஒருவர் இதைக் கவனிக்காமல் கோடு வரைந்தால், அவருடைய வரைபடத்தில் அந்த ஆண்டு அமைதியாகக் கடந்துபோகும்.

ஆனாலும் 1993 கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை. தரவுத்தளத்தின் கையேடே அதைச் சொல்லிவிடுகிறது. எனக்குக் கவலை, சத்தமில்லாமல் வரிசைக்குள் உட்கார்ந்திருக்கும் காலிக் கட்டங்களைப் பற்றித்தான்.

தாக்கியது எந்த அமைப்பு என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 வரையிலான பதிவுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் 'தெரியவில்லை' என்றே இருக்கிறது. தாக்கியவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில், தெரியாத இடங்களில் கழித்தல் 99 என்று குறியீடு போட்டிருப்பார்கள். அது தெரியாமல் கணினியிடம் சராசரி கேட்டால், தாக்கியவர்களின் எண்ணிக்கை கழித்தல் குறியோடு வரும். இந்தப் பிழையை யாரும் உடனே பிடித்துவிடலாம். காலிக் கட்டம் உள்ள வரிசைகளையெல்லாம் அழித்துவிட்டு மீதியை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பிடிபடாத பிழை. மென்பொருள்கள் பலவும் கேட்காமலே அதைச் செய்துவிடுகின்றன.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மழைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தூறல் விழுந்த நாளில் ஆள் போய் மழைமானியைப் பார்த்து எழுதிவிடுவார். கொட்டித் தீர்த்த நாளில் பாதை அடைத்துக்கொள்ளும், மானியும் நிரம்பி வழிந்திருக்கும், அன்றைய கட்டம் காலி. மீதி நாட்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால், மழை குறைவான தோட்டம் என்றே வரும்.

வன்முறைப் பதிவிலும் இதேதான். நிருபர் போக முடியாத மலைக்கிராமம், தொலைத்தொடர்பு அறுந்த போர்ப்பகுதி, பொறுப்பேற்காமல் ஒதுங்கிக்கொள்ளும் அமைப்பு: இவை இருக்கும் இடத்தில்தான் கட்டங்கள் காலியாகின்றன. அவற்றை அழித்தால் மிஞ்சுவது, விளம்பரம் தேடும் அமைப்புகளும் பத்திரிகை எட்டும் நகரங்களும். அதிலிருந்து வரும் முடிவை வைத்து ஓர் அரசு கொள்கை வகுக்கிறது என்றால், எந்த ஊர் மக்களின் சாவு அதில் கணக்கில் வரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. 2011 நவம்பரில் அந்தத் தரவுத்தளம் செய்தி திரட்டும் முறையே மாறியது. 2012-இல் எண்ணிக்கை சட்டென்று உயர்கிறது. அதில் உலகம் கெட்டுப்போனது எவ்வளவு, வலை அகன்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் 'பயங்கரவாதம் பெருகியது' என்று எழுதக் கூடாது.

வரையறையால் வெளியே நிற்பதை விடுபட்டதோடு சேர்க்கவும் கூடாது. 1950 பிப்ரவரி 11 இதே சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 1970-க்குப் பின் நடந்திருந்தாலும் அது அந்தப் பட்டியலில் ஏறாது. அரசு சாராதவர்கள் செய்ததை மட்டுமே அது எண்ணுகிறது. வன்முறை முழுவதையும் அந்தப் பட்டியலில் தேடுகிறவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஒரு கட்டம் ஏன் காலியானது என்பதைப் பொறுத்தே அதைக் கையாள வேண்டும் என்று புள்ளியியல் அறிஞர் டொனால்ட் ரூபின் 1976-இல் வகுத்துக் காட்டினார். காலிக் கட்டத்தை ஒரே எண்ணால் அடைக்காமல், பலமுறை பலவிதமாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கும் முறையும் அவருடையதே. ஆனால் ஏற்காட்டின் அந்தக் கொட்டித் தீர்த்த நாளைப் போல, காலியானதற்குக் காரணம் அந்த மறைந்த எண்ணே என்றால், இந்த முறையும் தனியாகக் காப்பாற்றாது. நிருபரைக் கேட்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்ட வேண்டும், அந்த மொழி தெரிந்தவர் வேண்டும். ஆங்கிலச் செய்தியில் ஏறாத சம்பவம் தமிழ் நாளேட்டின் மாவட்டப் பக்கத்தில் கிடைக்கும். நம் மாணவர்களால் செய்ய முடிகிற வேலை இது.

ஆய்வேடு எழுதும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். எத்தனை வரிசைகளை நீக்கினீர்கள், அவை எந்த மாவட்டத்தவை, எந்த ஆண்டவை என்று ஓர் அட்டவணை போடுங்கள். நீக்கிப் போட்ட கணக்கையும் நீக்காமல் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் முரண்பட்டால், அந்த முரண்பாட்டையே முதல் முடிவாக எழுதுங்கள். வணக்கம்.