ஒரே நிறம், உள்ளே எத்தனை ரகம்?

(காட்சி: மேச்சேரி பக்கம் மானாவாரிக் காடு. மேயும் செம்மறிகள்.)

வணக்கங்க. இந்தப் பட்டியைப் பாருங்க. எல்லாம் செம்பழுப்பு, குட்டை முடி, கிடாவுக்கும் கொம்பு கிடையாது. இதுதான் நம்ம சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு. தோலுக்குப் பேர் போனது. இதுக்குன்னே 1978-லிருந்து பொட்டனேரியில ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வெளிய பார்த்தா ஒரே அச்சு. உள்ளே எவ்வளவு வேறுபாடு மிச்சமிருக்குன்னு டிஎன்ஏதான் சொல்லும்.

(காட்சி: கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பது.)

ஒரே பட்டியில அம்பது ஆட்டைப் பிடிச்சா வேலை சுலபம், ஆனா எல்லாம் அக்கா தங்கச்சியா இருக்கும். ஊர் ஊரா அலைஞ்சு, ஒண்ணுக்கொண்ணு உறவில்லாத ஆடா எடுக்கணும்.

(காட்சி: திரையில் 'சிஏ சிஏ சிஏ'.)

டிஎன்ஏவுல சில இடத்துல, இந்த 'சிஏ' மாதிரி, ஒரே எழுத்துகள் திக்கித் திக்கி வரும். பேரு மைக்ரோசாட்டலைட். இந்த ஆட்டுல ஒரு பிரதியில 12 தடவை, இன்னொண்ணுல 15. ஒண்ணு தாய் கொடுத்தது, ஒண்ணு தகப்பன் கொடுத்தது. அந்த இடத்தை பிசிஆர்ங்கிற டிஎன்ஏ நகலெடுக்கிற முறையில பெருக்கி நீளத்தை அளந்தா தெரிஞ்சுடும். செம்மறிக்கு இப்படி 30 இடங்களை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்குது.

ஒரு இடத்துல ரெண்டே நீளம், பாதிக்குப் பாதி இருக்குன்னு வைங்க. கலந்து இனம் சேர்ந்திருந்தா 50 ஆட்டுல சுமார் 25 ரெண்டு நீளத்தையும் வச்சிருக்கணும். 15-தான் தேறுதா? பல இடத்துலயும் இப்படியே குறையுதா? உறவுக்குள்ளேயே சேர்ந்திருக்கும்னு சந்தேகப்படணும். தனித்தனி மந்தைகளை ஒண்ணாக் கணக்குப் போட்டாலும் இப்படிக் குறையும், அதையும் பார்க்கணும்.

எனக்குப் பெரிய கவலை கிடாதான். 30 பெட்டைக்கு ஒரே கிடான்னா தலை எண்ணிக்கை 31. ஆனா மரபு வேறுபாட்டுக்கு அது எத்தனை ஆட்டுக்குச் சமம்னு ஒரு கணக்கு இருக்கு: 4 × கிடா × பெட்டை ÷ மொத்தம். அதாவது 4 × 1 × 30 ÷ 31. நாலு ஆட்டுக்கும் குறைவு!

(காட்சி: பட்டி வாசலில் புதுக் கிடா.)

அதனால, தன் மகள் பருவத்துக்கு வர்றதுக்குள்ள கிடாவை மாத்திடுங்க. பக்கத்துப் பட்டியில வாங்காதீங்க, அது இதோட தம்பியா இருக்கும். நங்கவள்ளி, ஓமலூர்னு தள்ளிப் போய், அசல் மேச்சேரி கிடாவாப் பார்த்துப் பிடிங்க.