ஆவுளியாவின் மூச்சு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாக் விரிகுடாவில் நீர் தெளிந்திருக்கும் வேளையில் படகின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தால், கடற்புல் படர்ந்த தரையில் பாம்பு ஊர்ந்து சென்றதைப் போல வளைந்து வளைந்து போகும் வெற்றுத் தடங்கள் சில இடங்களில் தென்படும். அவை ஆவுளியா மேய்ந்த தடங்கள். கடற்பசு என்று நூல்கள் குறிக்கும் இவ்விலங்கு புல்லை வேரோடு பறித்துத் தின்கிறது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கும் மேல் அதற்குத் தீனி வேண்டும். அது மேய்ந்த இடம் மீண்டும் தழைத்துவிடும். கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி வாரிக்கொண்டு போன தரையோ ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும். இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்வதும் அதே புல்லில்தான் என்பதால், இந்த இழப்பு ஆவுளியாவோடு நிற்பதில்லை.

ஆவுளியா பாலூட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கினால் அந்த மூச்சுக்கு வழியில்லாமல் நீருக்குள்ளேயே இறந்துபோகிறது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் விலங்கு இது. ஒரு தாய் சாவதன் இழப்பை இதைக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இதுவே. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் அமைந்த தேசியப் பூங்காவைவிட இதன் சட்டத் தன்மை வேறு. உள்ளூர் மக்களைக் கலந்தே இத்தகைய காப்பகத்தை அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனென்றால், நடுக்கடலில் வலை திடீரெனக் கனக்கும்போது அங்கே இருப்பவர் வனக்காவலர் அல்லர், மீனவர்.

சிக்கிய உயிரைக் காக்க அவர் தம் வலையை அறுத்தாக வேண்டும். அறுந்த வலையைப் பழுதுபார்க்கும் நாட்களில் அவருக்குக் கடலும் இல்லை, கூலியும் இல்லை. ஆவுளியாவை உயிரோடு விட்டவருக்குப் பாராட்டும் பரிசும் தருகிறோம்; நல்லது. அந்தத் தொகை வலையின் விலைக்கு ஈடாகவும், அடுத்த முறை அவர் கடலுக்குப் புறப்படுமுன் கைக்குக் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பதே இந்த அவையின் முன் நான் வைக்கும் கோரிக்கை.