இடிந்ததா, இடித்தார்களா? டர்பனில் தெரிந்திருக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள்

[திரையில்: பின்பக்கம் நசுங்கிய ஒரு வெள்ளை கார்]

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டர்பனுக்கு வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்களுக்காக இந்த வீடியோ. கடையில், கோயிலில், வேலையிடத்தில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. கார் அடிபட்ட பிறகு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதித் தரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. "மை கார் ப்ரோக்" என்று மட்டும் எழுதினால் யார் வந்து மோதினார், எது உடைந்தது, சரிசெய்ய முடியுமா என்று எதுவுமே அதில் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மூன்றையும்தான்.

[திரையில்: உடைந்தது / உடைத்தான்]

தமிழில் இந்த வேலையை வினைச்சொல்லே செய்துவிடுகிறது. கண்ணாடி உடைந்தது என்றால் தானாக நடந்தது. உடைத்தான் என்றால் ஒரு கை அதன் பின்னால் இருக்கிறது. இடிந்தது, இடித்தார்கள். நொறுங்கியது, நொறுக்கினான். நாம் யோசிக்காமலே சரியாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பிரேக் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். "தி விண்டோ ப்ரோக்" என்றாலும் ப்ரோக், "ஹி ப்ரோக் தி விண்டோ" என்றாலும் ப்ரோக். அதனால் செய்தவரை வாக்கியத்தின் முதலில் கொண்டுவந்து வையுங்கள். அவரை விட்டுவிட்டால், கண்ணாடி தானாக உடைந்தது போலவே படிப்பவருக்குத் தோன்றும்.

சரி, மோதலுக்கு வருவோம். இங்கே சாலையில் அதிகம் காதில் விழும் சொல் பம்ப். "ஹி பம்ப்ட் மை கார்" என்றால் இடித்துவிட்டான், பெரிய அடி இல்லை. பம்பரோடு முடிந்துபோகும் சின்ன மோதலுக்குத் தென்னாப்பிரிக்காவில் பம்பர் பாஷிங் என்று பெயர். ஹிட் என்பது பொதுவான சொல். எழுத்தில் எந்தச் சந்தேகமும் வராமல் நிற்கும், அதையே நான் சிபாரிசு செய்வேன். க்ராஷ் என்றால் வேகமும் சேதமும் பெரிது. கொலைட் என்பது செய்தித்தாள் சொல். இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தால்தான் கொலைட் என்று எழுத வேண்டும் என்பது பத்திரிகைகளில் பழைய வழக்கம். இன்று எல்லோரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனாலும் உங்கள் கார் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது என்றால் "வீ கொலைடட்" என்று எழுதாதீர்கள். நீங்களும் போய் மோதியதாக அது காட்டும். "எ டாக்ஸி ஹிட் மை ஸ்டேஷனரி கார்" என்று எழுதினால் நின்றது யார், வந்தது யார் என்பது தெளிவாகிவிடும். இன்னொன்று, சிக்னலுக்கு இங்கே ரோபாட் என்றுதான் பெயர், போலீஸாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

[திரையில்: கண்ணாடியில் மூன்று வகைச் சேதம்]

அப்புறம் கண்ணாடி. என்3 நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது கல் தெறித்து முன் கண்ணாடியில் ஒரு சின்னப் பொத்தல் விழுந்தால் அது சிப். அதிலிருந்து கோடாக ஓடினால் க்ராக், நம் விரிசல். சிப்பாக இருக்கும்போதே பெரும்பாலும் அடைத்துவிடலாம், க்ராக் ஆகி நீண்டுவிட்டால் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும். அதனால் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் பணத்தில் வித்தியாசம் வரும். முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது, அடிபட்டாலும் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். பக்கத்துக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்த வகை, அடிபட்டால் மொத்தமாகச் சிறுசிறு கட்டிகளாக உதிரும். அதற்குத்தான் ஷேட்டர். ரோபாட்டில் நிற்கும் காரின் பக்கக் கண்ணாடியை அடித்துவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அதற்கு ஸ்மாஷ் அண்ட் க்ராப் என்று பெயர். ஸ்மாஷ் என்ற சொல்லில் ஓங்கி அடிக்கும் வேகம் இருக்கிறது. வீடு உடைத்துத் திருடினால் பேச்சில் பிரேக்-இன், போலீஸ் தாளில் ஹவுஸ்பிரேக்கிங். கார் வழியில் நின்றுபோனால் ப்ரோக் டவுன், அங்கே எதுவும் உடைந்திருக்க வேண்டியதில்லை.

டேமேஜ் என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. எத்தனை இடத்தில் சேதம் என்றாலும் டேமேஜ்தான், பன்மை கிடையாது. டேமேஜஸ் என்று எழுதினால் அர்த்தமே மாறி, நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நஷ்டஈடு ஆகிவிடும். மனிதருக்குக் காயம் என்றால் இஞ்சுரி, பொருளுக்கு டேமேஜ். இதில் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஒரு விதிவிலக்கு. அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்தும் குற்றத்தின் பெயரே இங்கே மலிஷியஸ் இஞ்சுரி டு ப்ராப்பர்ட்டி. கேஸ் தாளில் அதைப் பார்த்தால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று பயப்பட வேண்டாம்.

சரிசெய்யும் செலவு காரின் மதிப்பை நெருங்கிவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை ரைட்-ஆஃப் என்று அறிவிக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். அரசின் வாகனப் பதிவேட்டில் கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் அடிபட்டுத் திரும்பக் கட்டிய வண்டி. கோட் 4 என்றால் பர்மனென்ட்லி டிமாலிஷ்ட், அது மறுபடி சாலைக்கு வரவே கூடாது. பேனல் பீட்டர், அதாவது தகரம் தட்டிச் சரிசெய்கிறவர், எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

[திரையில்: கொலாப்ஸ் / டிமாலிஷ்]

இப்போது கட்டடங்கள். இந்த இரண்டு சொற்களையும் மாற்றிச் சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது. 2013 நவம்பர் 19 அன்று டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து விழுந்தது. 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். அது கொலாப்ஸ். யாரும் அதை இடிக்க வரவில்லை, தன் பாரம் தாங்காமல் விழுந்தது. டிமாலிஷ் அப்படி அல்ல, திட்டம் போட்டு, ஆள் வைத்து இடிப்பது. டர்பன் நகராட்சியில் துப்புரவும் மற்ற வேலைகளும் செய்த நம் முன்னோர்கள், பெரும்பாலும் தமிழர்கள், மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்தார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. அதைத் தொடர்ந்து, 1960களில் அவர்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். குடியிருப்பை இடித்தார்கள். "தி பாரக்ஸ் வேர் டிமாலிஷ்ட்" என்பதோடு நிறுத்தினால் யார் இடித்தது என்பது மறைந்துபோகிறது. பிள்ளைகள் பள்ளிக்கு எழுதும்போது அரசு, நகராட்சி என்று பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

டெஸ்ட்ராய் என்றால் திரும்பப் பெற முடியாத அழிவு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பல வீடுகள் டெஸ்ட்ராய் ஆயின, அடித்துக்கொண்டு போனதற்கு வாஷ்ட் அவே. டோங்காட்டின் குடிநீர் நிலையம் டேமேஜ் ஆனது. கடுமையான சேதம்தான், மாதக்கணக்கில் ஊருக்குத் தண்ணீர் இல்லை, ஆனால் சரிசெய்து மறுபடி ஓடவைத்தார்கள்.

கடைசியாக ஒரு மாதிரி வாக்குமூலம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மெதுவாக ஒவ்வொரு வரியாக]

"ஐ ஸ்டாப்ட் அட் தி ரோபாட். எ ஒயிட் பக்கி ஹிட் மை கார் ஃப்ரம் பிஹைண்ட். மை ரியர் பம்பர் இஸ் டென்டட். தி லெஃப்ட் டெயில் லைட் இஸ் க்ராக்ட். நோபடி வாஸ் இஞ்சர்ட்."

பக்கி என்பது பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி. டென்டட் என்றால் நசுங்கியது. யாருக்காவது காயம் அல்லது மரணம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியாக வேண்டும், யாருக்கும் காயம் இல்லாவிட்டால் அடுத்த வேலை நாளுக்குள். பதிவு செய்ததும் ஏஆர் எண், அதாவது விபத்துப் பதிவு எண், ஒன்று தருவார்கள், அதைக் கேட்டு வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். இன்ஷூரன்ஸ் படிவத்தில் அதை எழுதக் கேட்பார்கள்.