பச்சைக்கும் வெந்ததற்கும் ஒரே இயந்திரம்

நேயர்களுக்கு என் வணக்கம். மாட்டிறைச்சியில் நோய்க்கிருமி எந்த இடத்தில் ஏறுகிறது, ஏறியது எப்படிக் கடைவரை வந்து சேருகிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பிரிட்டனில் நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பல ஆண்டுகளாக நான் மனத்தில் சுமந்து வருகிறேன். அவற்றைச் சொல்லாமல் இதைப் பேச என்னால் இயலாது.

முதலில் கிருமி. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றுள் ஓ157 என்னும் வகையோ கொடிய நச்சைச் சுரப்பது. அது மாட்டின் குடலில் குடியிருந்தாலும் மாட்டுக்கு எந்த நோயும் வருவதில்லை. ஆகவே கொழுத்து, பளபளப்பாக நிற்கும் மாட்டைப் பார்த்து, இது சுத்தமானது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. மனிதருக்கு நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். வயிற்றுவலியும் இரத்தம் கலந்த பேதியும் வரும். சிலருக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், சிறுநீரகமே செயலிழந்துவிடும்.

நலமான மாட்டின் தசைக்குள் பொதுவாகக் கிருமி இருப்பதில்லை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாணம் காய்ந்து ஒட்டிய தோலை உரிக்கையில் அதன் வெளிப்புறம் இறைச்சியில் பட்டாலும், தோலைப் பிடித்த கையே இறைச்சியைத் தொட்டாலும், குடலை எடுக்கையில் கத்தி தவறி அது கிழிந்தாலும், கிருமி மேற்பரப்பில் ஏறிவிடும். மலக்குடலின் முனையை முன்கூட்டியே இறுகக் கட்டுவதும், கத்தியை அவ்வப்போது 82 பாகை செல்சியஸ் வெந்நீரில் முக்கியெடுப்பதும் அதற்காகத்தான். பிறகு குளிரூட்டுகிறார்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி மட்டுமே வைக்கிறது. வெதுவெதுப்பான பாலில் விட்ட ஒரு கரண்டி மோர் விடிவதற்குள் சட்டி முழுவதையும் தயிராக்குவதை அறிந்தவர்களுக்கு, பெருக்கம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த நிகழ்வுகள். 1996 நவம்பரில் ஸ்காட்லாந்தின் விஷா என்ற ஊரில், தேவாலயத்தில் முதியோருக்கு மதிய விருந்து வைத்தார்கள். அதற்கான இறைச்சி உள்ளூர் இறைச்சிக்கடை ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் கடையின் இறைச்சியால் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 500 பேர் நோயுற்றார்கள். 17 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், எல்லாரும் முதியவர்கள். பச்சை இறைச்சியும் சமைத்த இறைச்சியும் அந்தக் கடையில் முறையாகப் பிரித்து வைக்கப்படவில்லை. நுண்ணுயிரியல் பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையிலான குழு 1997இல் தன் அறிக்கையைத் தந்தது. பச்சைக்கு ஒரு பக்கம், வெந்ததற்கு ஒரு பக்கம் என்பதை அழுத்தமாக வலியுறுத்தியது.

எட்டே ஆண்டுகள் கழிந்தன. 2005இல் தெற்கு வேல்ஸில் பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சியைக் கொடுத்துவந்த ஒரு கடையில், பையிலுள்ள காற்றை உறிஞ்சி ஒட்டும் இயந்திரம் ஒன்றே பச்சை இறைச்சிக்கும் வெந்த இறைச்சிக்கும் பயன்பட்டது. 157 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். விசாரணைக்கு மீண்டும் அழைக்கப்பட்டவர் அதே பென்னிங்டன். 2009இல் வெளிவந்த அந்த அறிக்கையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. வேகவைத்ததில் கிருமி செத்துப்போயிருந்தும், பச்சை இறைச்சியிலிருந்த கிருமி இயந்திரத்தின் வழியாக மறுபடியும் அதில் வந்து சேர்ந்துவிட்டது. அடுப்பு செய்த வேலையை இயந்திரம் கெடுத்துவிட்டது என்று மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பிள்ளையின் தட்டுக்கு வந்தது வெந்த இறைச்சி.

கொத்துக்கறியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பிலேயே தங்குவதால், புறம் நன்றாக வெந்தால் அது செத்துவிடும். அரைக்கும்போதோ அந்த மேற்பரப்பு நடுவரை கலந்துவிடுகிறது. ஒரே கலவையில் பல மாடுகளின் இறைச்சி சேருவதும் உண்டு. உட்புறம் 70 பாகையை எட்டி, இரண்டு நிமிடம் அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும். நிறம் மாறிவிட்டதை மட்டும் பார்த்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.