அடிநாதம் ஏக்கமே!

நடுவர் அவர்களே, வணக்கம். "ராக் பாடல் வரிகளில் மேலோங்கி நிற்பது போதையா, அன்புக்கான ஏக்கமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் 1967-இல் வந்த, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பாட்டுக்குப் பேரே ஹெராயின் என்ற போதை மருந்தின் பேர், இன்னொன்றில் கையில் 26 டாலரோடு ஒருவன் அந்த மருந்துக்காகக் காத்து நிற்கிறான், வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, போதை இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? வயிற்றுவலிக்காரன் மாத்திரையைத் தேடி ஓடினால், அவனுக்கு மாத்திரை மேல் காதல் என்பீர்களா ஐயா?

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'அண்டர் தி பிரிட்ஜ்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1991 ஆல்பம். எழுதியவர் பாடகர் ஆன்டனி கீடிஸ். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாலத்துக்கு அடியில் போதைக்காகப் போய் நின்ற கதை அதில் வருகிறது. எதிரணி துள்ள வேண்டாம், பொறுங்கள். அவர் அதை எழுதியது போதையை விட்ட பிறகு! குழுவின் கிதார் கலைஞர் ஹில்லெல் ஸ்லோவாக் 1988-இல் ஹெராயினுக்குப் பலியானார். கீடிஸ் பழக்கத்தை விட்டார். விட்டவருக்குக் கிடைத்தது என்ன? கூட்டாளிகள் சேர்ந்து கஞ்சா புகைக்க, இவர் தனித்துப் போனார். ஒத்திகை முடிந்து தனியாகக் காரோட்டி வரும்போது பிறந்தவை அந்த வரிகள். மனிதத் துணை இல்லாமல் ஊரையே 'அவள்' என்கிறார். நான் யாரென்று அவளுக்குத் தெரியும் என்கிறார். பாலம் வருவதே கடைசியில்தான். பல்லவியோ, அந்த நாளில் பட்டதை இனி ஒருபோதும் படக்கூடாது என்று கெஞ்சுகிறது.

இன்னொன்று கேளுங்கள். நம் குழுவுக்கு இது ரொம்ப மென்மை என்று தயங்கி அந்த வரிகளை நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தார் கீடிஸ். தயாரிப்பாளர் ரிக் ரூபின் கண்ணில் பட்டதால் பாட்டாயிற்று. அதாவது, ஊசி போட்டதை ஊரறியப் பாட ராக் உலகத்துக்குக் கூச்சமில்லை. தனியாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் கூச்சம்!

அடுத்து, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி வால்' ஆல்பம், 1979. அதில் 'நோபடி ஹோம்' என்றொரு பாட்டு. விரலில் நிகோடின் கறை, சங்கிலியில் போதைப்பொடி அள்ளும் வெள்ளிக் கரண்டி என்று எதிரணி கேட்கும் சாமானெல்லாம் உண்டு. 13 சேனல் டிவியும் உண்டு. ஆனால் பாட்டு போய் முட்டுவது எங்கே? தன்னவளுக்குப் போன் போட்டால் எடுக்க வீட்டில் ஆளிருக்காது என்பதில்.

கடைசியாக பீட்டில்ஸ் குழுவின் 'எலினோர் ரிக்பி' பாட்டு, 1966. கல்யாணம் முடிந்த தேவாலயத்தில் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கும் ஒருத்தி. ராத்திரியில் காலுறை தைக்கும் ஒரு பாதிரியார். அவள் சாவுக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்தப் பாட்டில் ஒரு சிட்டிகை போதையைத் தேடி எடுத்துக் காட்டட்டும். மணியடித்துவிட்டீர்கள், மிச்ச நேரம் இருந்தால் அதையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள், தேட வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.