பக்கத்து சீட்டில் ஆள் இல்லை

வணக்கம் நேயர்களே. ஒரு சின்னப் பத்திரிகைக்குச் சந்தாக் கணக்கு பார்த்துக்கொடுக்கிறேன். போன மாதம் அந்த வேலையை ஒரு ஏஐ ஏஜென்டிடம் விட்டுப் பார்த்தேன். ஏஜென்ட் என்றால் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காது, தானே கட்டளை அடிக்கும், வந்ததைப் படிக்கும், அதை வைத்து அடுத்த கட்டளையை அடிக்கும். கணக்கு இருப்பது எஸ்கியூலைட் டேட்டாபேஸில். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது, உங்கள் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஒரு கோப்புதான்.

கோப்பின் பெயர் 'சந்தா'. ஏஜென்ட் 'சந்தாக்கள்' என்று அடித்துவிட்டது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், ஆனால் எஸ்கியூலைட்டின் பழக்கம் வேறு: இல்லாத பெயரைச் சொன்னால் அந்தப் பெயரிலேயே ஒரு காலிக் கோப்பைத் திறந்து கொடுத்துவிடும். அப்புறம் "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்று மட்டும் வரும், டேபிள் என்றால் கோப்புக்குள் இருக்கும் அட்டவணை. நானாக இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்டிருப்பேன். ஏஜென்டுக்குப் பக்கத்து சீட்டு கிடையாதே. டேபிள் இல்லையா, சரி, செய்துவிடலாம் என்று அதுவே ஒன்றைச் செய்து, அதிலேயே தேடி, "இந்த மாதம் சந்தா புதுப்பிக்க வேண்டியவர்கள் யாருமில்லை" என்று அழகாக அறிக்கையும் கொடுத்தது.

கோபம் வந்தது. அப்புறம் நான் எழுதி வைத்திருந்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கணக்கு எப்படித் தொடங்கியது என்று அரைப் பக்கம், நிறுவும் முறை ஒரு பக்கம், கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. படிக்கிறவருக்கு அது தெரியும் என்று நினைத்து எழுதியது.

திரும்ப எழுதினேன். முதல் வரியில் கோப்பின் முழுப் பாதை. அடுத்த வரியில், தேடிப் பார்ப்பதற்கு அப்படியே எடுத்து ஓட்டக்கூடிய கட்டளை, 'ரீட்ஒன்லி' என்ற சொல்லோடு. அதைச் சேர்த்தால் இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னதுமே பிழை வரும், இருக்கிற கோப்பில் எதையும் மாற்றவும் முடியாது. முன்பு "தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தேன், கதவைத் திறந்து போட்டுவிட்டு திருடர்கள் வரக்கூடாது என்று பலகை மாட்டியது மாதிரி.

இன்னொரு விஷயத்தில் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டேன். ஒரு சந்தாதாரரை நீக்கும்போது அவர் பெயரில் ரசீது இருந்தால் நீக்க விடக்கூடாது. இதற்கு ஃபாரின் கீ என்று பெயர். எஸ்கியூலைட்டில் இந்தக் காவல் 2009-இலேயே வந்துவிட்டது, ஆனால் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்று அணைத்தே வைத்திருக்கிறார்கள், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். "தொடங்கும்போது ஆன் செய்யவும்" என்று என் குறிப்பில் இருந்தது. மனிதருக்கு அது போதும்: காலையில் திறந்து ஒரு தடவை அடித்துவிட்டு மாலை வரை அதே திரையில் உட்கார்ந்திருப்பார். ஏஜென்ட் ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாகத் திறந்து மூடுகிறது, அந்த ஆன் அந்தத் திறப்போடு போய்விடும். முதல் கட்டளையில் ஆன் செய்துவிட்டு இரண்டாவதில் காவல் இல்லாமலே நீக்கிக்கொண்டிருந்தது, நல்லவேளை, நகலில். இப்போது "ஒவ்வொரு கட்டளையிலும்" என்று எழுதி, பக்கத்திலேயே ஓர் உதாரணமும் வைத்திருக்கிறேன்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. "நிச்சயமா? ஆம், இல்லை" என்று கேட்டு நிற்கும் கருவி ஏஜென்டுக்கு ஆகாது, ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் யோசிக்காமல் ஆம் போடும். எல்லா வரிகளையும் ஒரேயடியாகக் கொட்டினால் அதன் நினைவு நிரம்பி முதலில் சொன்னது மங்கிவிடும், அதனால் முதல் ஐம்பது வரிகள், கூடவே மொத்தம் எத்தனை என்ற எண், அது போதும். குறிப்பை எங்கே வைப்பது என்றால், வேலை நடக்கிற ஃபோல்டரின் மேல்மட்டத்தில் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' என்ற பெயரில் வைக்கும் வழக்கம் 2025-இலிருந்து பரவியிருக்கிறது, பல ஏஜென்டுகள் அதைத் தாமாகவே தேடிப் படிக்கின்றன.

எழுதியது சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எதுவும் தெரியாத புது ஏஜென்டிடம் நகலையும் குறிப்பையும் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அது எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பேன். போன வாரம் தேதியில் தடுக்கியது. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லை, நாங்கள் எழுத்தாகவே போட்டு வைத்திருக்கிறோம், பழைய வரிகளில் நாள் முதலில், புதியவற்றில் ஆண்டு முதலில். அதையும் ஒரு வரியாகச் சேர்த்து அச்செடுத்து மேசையில் வைத்தேன். நான்கு வருடமாக அதே கணக்கில் பதிவு போடுகிற அலுவலக அம்மா எடுத்துப் படித்துவிட்டு, "ஏன் சார், இதை எங்கிட்ட ஒரு நாளும் சொல்லவே இல்லையே" என்றார்.

நன்றி, வணக்கம்.